எழுத்து எண்ணும் கருவி: வெப்புக்கு ஒருமுறை, டெஸ்க்டாப்புக்கு ஒருமுறை

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ் என்று மூன்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும். இதையே பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழிகளிடம் கேட்டால் ஐந்து என்று பதில் வரும். புதிதாக நிரல் எழுத வருபவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, இந்த ஐந்தை மூன்றாக்குவதுதான்.

“வெப் படிக்கட்டுமா, டெஸ்க்டாப் படிக்கட்டுமா? எந்த மொழியில் தொடங்கட்டும்?” என்று கேட்டுக்கொண்டே ஆறு மாதம் வீடியோ பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு உட்கார்ந்து யோசித்தால் விடை கிடைக்காது. ஒரே ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் பிரவுசரில் ஓடும்படி செய்யுங்கள். அப்புறம் அதையே கணினியில் தனி ஜன்னலாகத் திறக்கும்படி செய்யுங்கள். இரண்டு வார இறுதி போதும். எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது அதற்குள் கையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு குறிப்பு: கீழே வரும் நிரல் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எது எங்கே ஓடுகிறது

முதலில் இந்த ஒரு விஷயம் மனதில் நிற்கட்டும். வெப் பக்கம் என்பது பிரவுசருக்குள் ஓடும். எச்டிஎம்எல் பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும். சிஎஸ்எஸ் அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட், பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும். டெஸ்க்டாப் நிரலுக்கு பிரவுசர் தேவையில்லை. விண்டோஸ் அல்லது லினக்ஸ் மேல் நேராக ஓடும். கோப்பு, பிரின்டர் எல்லாவற்றையும் அதுவே தொடலாம். பிரவுசருக்குள் இருப்பதற்கு அந்த உரிமை கிடையாது. தெரியாத ஒரு தளத்தைத் திறந்தவுடன் அது உங்கள் ஃபோல்டர்களைத் துழாவ முடியாமல் இருப்பது இந்தத் தடுப்பால்தான்.

ஆகவே, மருந்துக்கடையில் இணையம் போனாலும் பில் போட்டாக வேண்டும் என்றால் டெஸ்க்டாப். ஊர் முழுக்க இருக்கும் ரத்ததானம் செய்பவர்கள் அவரவர் ஃபோனிலிருந்தே பெயர் பதிய வேண்டும் என்றால் வெப். யார், எங்கே உட்கார்ந்து பயன்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மொழிக் கேள்விக்கும் சுருக்கமாக ஒரு பதில். பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்ட்டைத் தவிர்க்க முடியாது, அதனால் அது ஒன்று. டெஸ்க்டாப்புக்குப் பல வழிகள் உண்டு. தொடங்குபவருக்குப் பைத்தானைப் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஜன்னல் திறக்கத் தேவையான டிகின்டர் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒன்றல்ல. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். அப்போது ஜாவாவுக்கு இருந்த புகழால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கணினியைத் தயார் செய்வது

நிரலைத் தட்டுவதற்கு விஎஸ் கோட், அப்புறம் பைத்தான், ஏதாவது ஒரு பிரவுசர். மூன்றும் இலவசம். விண்டோஸில் பைத்தானை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’ என்ற சொல்லோடு ஒரு சின்னக் கட்டம் இருக்கலாம். இருந்தால் அதில் டிக் போட்டுவிட்டு மேலே போங்கள். அதை விட்டுவிட்டால், கட்டளைத் திரையில் பைத்தான் என்று தட்டும்போது கணினி அதைக் கண்டுபிடிக்காது, “நிறுவினேனே, ஏன் வரவில்லை?” என்று ஒரு மாலை முழுக்கப் போய்விடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் பைத்தான் ஏற்கெனவே இருக்கும், ஆனால் டிகின்டர் பொதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அடுத்தது, கோப்பின் பின்னொட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். விண்டோஸ் அதை மறைத்தே வைக்கிறது. நோட்பேடில் எழுதி ‘இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல்’ என்று பெயர் வைத்துச் சேமித்தால், அது கமுக்கமாகக் கடைசியில் ‘டாட் டிஎக்ஸ்டி’ என்று சேர்த்துவிடலாம். பக்கம் திறக்காமல் நோட்பேடே மறுபடி திறக்கும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதற்குள் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். ஒருமுறை செய்தால் போதும்.

தமிழை யூனிகோடில் தட்டுங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் கொடுக்கும் பொதுத் தரம் அது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அப்படித் தட்டியதை எண்ணச் சொன்னால் நிரல் ஆங்கில எழுத்தைத்தான் எண்ணும்.

முதல் வார இறுதி: பிரவுசரில்

ஒரு புது ஃபோல்டர், அதற்குள் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு. அதில் மூன்று பொருள்கள் மட்டும்: எழுதுவதற்கு ஒரு பெட்டி, ‘எண்ணு’ என்று ஒரு பொத்தான், விடை காட்ட ஒரு வெற்றுப் பத்தி. பெட்டிக்கும் பொத்தானுக்கும் பத்திக்கும் ஆளுக்கொரு ‘ஐடி’, அதாவது நிரல் அடையாளம் காணும் பெயர், கொடுங்கள். அழகு பிறகு.

தலைப்பகுதியில் மெட்டா சார்செட் யுடிஎஃப்-8 என்ற வரியை மறக்க வேண்டாம். யூனிகோட் எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் குறியாக்க முறைதான் யுடிஎஃப்-8. அது இல்லாவிட்டால் பிரவுசர் உங்கள் தமிழை வேறு குறியாக்கமாக எண்ணிப் படிக்கக்கூடும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குப் பதிலும் தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்தும் விசித்திரக் குறிகளுமாகத் திரை நிறையும். அதைப் பார்த்தால் எழுத்துரு கோளாறு என்று எதையும் நிறுவப் போகாதீர்கள். இந்த ஒரு வரிதான் மருந்து.

அடுத்து ஜாவாஸ்கிரிப்ட். பொத்தான் அழுத்தப்பட்டால், பெட்டியில் உள்ள சொல்லை எடு, அதன் ‘லெங்த்’ எவ்வளவு என்று பார், விடையைப் பத்தியில் எழுது. நாலைந்து வரி. இதை எழுதி ஓட்டும்போது பலருக்கும் பொத்தான் வேலையே செய்யாது. எஃப்12 விசையை அழுத்தி ‘கன்சோல்’ தாவலைத் திறந்தால் சிவப்பில் ‘நல்’ (ஒன்றுமில்லை) என்ற சொல்லோடு ஒரு புகார் இருக்கும். காரணம் எளிது: நிரலைப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்திருப்பீர்கள். பிரவுசர் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. நிரல் பொத்தானைத் தேடும் நேரத்தில் பொத்தான் இன்னும் பிறக்கவே இல்லை. நிரல் உள்ள ஸ்கிரிப்ட் பகுதியை, பக்கத்தின் உடற்பகுதியான பாடியின் கடைசிக்குக் கொண்டுபோங்கள், சரியாகிவிடும். நான் பார்த்தவரை, வெப் நிரலில் முதல் நாள் வரும் பிழைகளில் இதுதான் முதலிடம்.

சரி, இப்போது ‘தமிழ்’ என்று தட்டி எண்ணச் சொல்லுங்கள். ஐந்து.

ஏன் ஐந்து என்று இங்கே நின்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிரல் எழுதுவது உண்மையில் தொடங்குகிறது. யூனிகோடில் தமிழுக்கு ‘மி’ என்று தனிக் குறியெண் இல்லை. ‘ம’ ஒன்று, இகரத்தின் கொக்கி இன்னொன்று. அதேபோல ‘ழ’ ஒன்று, புள்ளி இன்னொன்று. ஆக த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து. ‘லெங்த்’ எண்ணுவது இவற்றை. நாம் எண்ணுவது எழுத்தை. கோப்பாகச் சேமித்துப் பார்த்தால் இன்னொரு எண் கிடைக்கும்: யுடிஎஃப்-8-இல் இந்த ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும் என்பதால் மொத்தம் 15 பைட். மூன்று, ஐந்து, பதினைந்து. ஒரே சொல்லுக்கு மூன்று விடை, மூன்றும் சரி. எதை எண்ணச் சொல்கிறோம் என்பதை நாம்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மூன்று என்ற விடை வர, பிரவுசரிலேயே ‘இன்டல்’ என்பதற்குள் ‘செக்மென்ட்டர்’ என்று ஒரு வசதி இருக்கிறது. மனிதர் ஓரெழுத்தாகப் பார்ப்பதை அது ஒரு துண்டாக வெட்டிக் கொடுக்கும். 2024-இல் ஃபயர்பாக்ஸிலும் வந்துவிட்டதால் இப்போது முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அதில் சொல்லைக் கொடுத்து, வரும் துண்டுகளை எண்ணினால் மூன்று. இப்போது ‘தமிழ் மொழி’ என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து எழுத்துதான், ஆனால் ஆறு என்று வரும். இடைவெளியையும் ஒரு துண்டாக எண்ணிவிட்டது. அதை நீக்கும் வழியை நீங்களே கண்டுபிடியுங்கள். அந்த ஒரு மணிநேரம் பத்து வீடியோவுக்குச் சமம்.

இரண்டாம் வார இறுதி: அதே கருவி, தனி ஜன்னலில்

பைத்தானில் புதுக் கோப்பு. அதற்கு டிகின்டர் என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். வைத்தால், நிரல் உண்மையான டிகின்டரைத் தேடும்போது உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு ஏதேதோ பிழை சொல்லும்.

அமைப்பு போன வார இறுதியில் பார்த்ததுபோலத்தான்: ஒரு ஜன்னல், அதில் ஒரு எழுதும் பெட்டி, ஒரு பொத்தான், விடைக்கு ஒரு லேபிள். ஒவ்வொன்றையும் உருவாக்கியபின் ‘பேக்’ என்று சொன்னால்தான் ஜன்னலில் அது தோன்றும். கடைசி வரியில் ‘மெயின்லூப்’. மற்ற வரிகளெல்லாம் ஓடி முடிந்தபின் ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு, யாராவது அழுத்துகிறார்களா என்று காத்திருப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஜன்னல் மின்னி மறையும்.

பொத்தானில் ஒரு பொறி உண்டு. அழுத்தினால் எந்தச் செயல்கூறு, அதாவது பெயர் வைத்த நிரல் துண்டு, ஓட வேண்டும் என்று ‘கமாண்ட்’ இடத்தில் சொல்கிறோம். அங்கே செயல்கூறின் பெயரை மட்டும் எழுத வேண்டும். பழக்கத்தில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி போட்டுவிட்டால், பொத்தான் உருவாகும்போதே அது ஓடி முடிந்துவிடும். அப்புறம் எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. “இவரைக் கூப்பிடு” என்று ஆளைக் காட்டுவதற்கும் நாமே அவரை இப்போதே கூப்பிட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

எண்ணுவதற்கு ‘லென்’ போட்டால் இங்கேயும் ஐந்து. பைத்தானுடன் வரும் ‘யூனிகோட்டேட்டா’ என்ற தொகுதியில் ‘கேட்டகரி’ என்று கேட்டால், ஒவ்வொரு குறிக்கும் அது என்ன வகை என்று இரண்டு ஆங்கில எழுத்தில் சொல்லும். உயிரெழுத்து, அகர மெய், ஆய்தம் எல்லாம் ‘எல்’ என்று தொடங்கும். கொக்கி, கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘எம்’ என்று தொடங்கும். ‘எல்’ வந்தால் மட்டும் ஒன்று கூட்டு என்று சொல்லிவிட்டால் தமிழுக்கு மூன்று, ‘தமிழ் மொழி’க்கு ஐந்து. இடைவெளித் தொல்லையும் தானே போய்விட்டது. இதே யோசனையை வெப் வடிவத்துக்கும் திருப்பிக் கொண்டுபோகலாம். ஒரே கருவியை இரண்டுமுறை செய்யச் சொல்வதில் எனக்கு இருக்கும் பிடிவாதத்துக்கு இது முக்கியக் காரணம்.

லினக்ஸில் டிகின்டர் சில கணினிகளில் கொம்பை இடம் மாற்றிக் காட்டும். அப்படித் தெரிந்தாலும் எண்ணிக்கை தப்பாது. கண்ணுக்கு உறுத்தினால் கியூட்டி நூலகத்தை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பை) பயன்படுத்தும் பைசைடுக்கு மாறலாம், ஆனால் முதல் நாளே வேண்டாம்.

சோதித்துப் பார்க்க வேண்டிய சொற்கள்

‘பக்ஷி’ என்று கொடுங்கள். மூன்று என்று வரும், ஏனென்றால் க்ஷ என்பது உள்ளே க், ஷ என்று இரண்டாகத்தான் இருக்கிறது. ‘ஸ்ரீ’யும் அப்படியே. அதை ஓரெழுத்தாகக் கொள்வதா என்பதை நீங்கள் முடிவுசெய்து நிரலில் தனியாக எழுத வேண்டும். எந்த மொழியும் இதை உங்களுக்காகச் செய்து தராது.

‘கௌ’ என்பதை இரண்டு விதமாகத் தட்டுபவர்கள் இருக்கிறார்கள்: ஒருவர் ஔகாரக் குறியோடு சரியாக, இன்னொருவர் ‘கெ’ தட்டி அருகில் ‘ள’ தட்டி. திரையில் கிட்டத்தட்ட ஒரே தோற்றம். எண்ணினால் முதலாவது ஒன்று, அடுத்தது இரண்டு. கவுசல்யா, கௌசல்யா குழப்பத்தைத் தாண்டி, கெளசல்யா என்று ஒரு மூன்றாவது ஆள் பட்டியலில் உட்கார்ந்திருப்பார், தேடினால் கிடைக்கமாட்டார்.

‘கொடி’யில் உள்ள ஒகரக் குறியும் அப்படித்தான். அது ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். இங்கே கண்ணுக்கு வேறுபாடே தெரியாது, எழுத்து எண்ணிக்கையும் மாறாது. ஆனால் ‘இரண்டும் சமமா’ என்று கேட்டால் நிரல் இல்லை என்று சொல்லும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ‘நார்மலைஸ்’ செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் அதே பெயரில் அந்த வசதி இருக்கிறது. தமிழில் தேடல் வைக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்தால் எத்தனையோ பேருடைய பெயர் காணாமல் போகாது.

சேமிக்கச் சொன்னால் பாதை பிரியும்

இதுவரை இரண்டு வடிவமும் அண்ணன் தம்பி போல இருந்தன. ‘எண்ணிய சொற்களை நினைவில் வை’ என்று ஒரு வசதி சேர்த்துப் பாருங்கள். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து எழுதிவிடலாம். திறக்கும்போது ‘என்கோடிங்’ யுடிஎஃப்-8 என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸில் தமிழ் எழுதும்போது நிரல் பிழை சொல்லி நிற்கக்கூடும்.

பிரவுசரில் கோப்பு கிடையாது. ‘லோக்கல் ஸ்டோரேஜ்’ என்ற சின்ன அலமாரி உண்டு. அதில் வைத்தது அந்தக் கணினியின் அந்த பிரவுசரில் மட்டும் இருக்கும். அம்மாவின் ஃபோனில் திறந்தால் காலியாக இருக்கும். எல்லோருக்கும் ஒரே பட்டியல் தெரிய வேண்டும் என்றால், பட்டியல் எல்லோரும் எட்டக்கூடிய வேறொரு கணினியில் இருக்க வேண்டும். அதுதான் சர்வர். ‘பேக்எண்ட்’ என்று எல்லோரும் பேசும் வேலை அங்கேதான் வருகிறது. அதே நேரத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: பிரவுசருக்கு அனுப்பும் ஜாவாஸ்கிரிப்ட்டை யார் வேண்டுமானாலும் எஃப்12 அழுத்திப் படிக்கலாம். கடவுச்சொல்லை அதற்குள் எழுதி வைப்பது வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விடுவதுதான்.

பிறர் கையில் கொடுப்பது

வெப் வடிவத்தை கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைத்து முகவரியை அனுப்பிவிடலாம். முதல் கோப்பின் பெயர் இன்டெக்ஸ் என்று, எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, அங்கே பார்க்கும். வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாவிட்டால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள்.

பைத்தான் வடிவத்தை ‘பைஇன்ஸ்டாலர்’ கொண்டு தனி நிரலாகக் கட்டலாம். வாங்குபவர் கணினியில் பைத்தான் இருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் கட்டியது விண்டோஸில் மட்டும் ஓடும், லினக்ஸுக்கு லினக்ஸிலேயே கட்ட வேண்டும். கையொப்பம் இல்லாத நிரல் என்று விண்டோஸ் எச்சரிக்கை காட்டலாம் என்பதையும் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோய் அழித்துவிடுவார்.

மாட்டிக்கொண்டால்

பைத்தானின் பிழைச்செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். என்ன தவறு என்று அங்கே இருக்கும், எந்த வரியில் என்று அதற்குச் சற்று மேலே இருக்கும். பிழை சொல்லும் வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியில் மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரலை ஒட்டியிருந்தால் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கலாம். நேர்க் குறிகளாக மாற்றித் தட்டுங்கள். மாற்றியது எதுவும் திரையில் தெரியவில்லை என்றால், சேமித்தீர்களா என்று பாருங்கள். அனுபவம் உள்ளவர்களும் இதில் நேரம் இழக்கிறார்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன தட்டினீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது, பிழைச்செய்தி முழுவதும் என்ன. இந்த நான்கையும் எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது. தமிழிலேயே படிக்க விரும்பினால் கணியம் தளத்தில் கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ் எழுத்துகளைப் பிரிக்க, எண்ண என்றே பைத்தானுக்கு ‘ஓப்பன் தமிழ்’ நூலகமும் இருக்கிறது. ஆனால் எண்ணும் வேலையை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தபின் அதைத் திறங்கள், அப்போதுதான் உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று புரியும்.

இரண்டு வடிவமும் ஓடிவிட்டால் அடுத்த வேலை, சேமித்த சொற்களை அகரவரிசையில் அடுக்குவது. பவளம், பழம், மயில், மனம் என்ற நான்கையும் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். அகராதியில் வருவது இதே வரிசைதான். நிரல் பழத்தைப் பவளத்துக்கு முன்னாலும் மனத்தை மயிலுக்கு முன்னாலும் வைக்கும். யூனிகோட் தமிழ் எழுத்துகளை அடுக்கியது ‘இஸ்கி’ என்ற இந்தியத் தரத்தின் பொது அமைப்பைப் பின்பற்றி. அதில் ன என்பது ந-வுக்குப் பக்கத்திலும், ழ என்பது வ-வுக்கு முன்னாலும் வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘லொகேல்கம்பேர்’ என்பதிடம் மொழி தமிழ் என்று சொன்னால் ஒரே வரியில் சரியாகிவிடும். பைத்தானில் க முதல் ன வரை பதினெட்டு மெய்யின் வரிசையை நீங்களே ஒரு பட்டியலாக எழுதிக்கொடுத்துப் பாருங்கள்.